விலை இறங்கும், பில் இறங்காது

பழைய சொகுசு கார் மலிவாகக் கிடைப்பதற்கு அதன் வயதைவிட அதன் முதல் உரிமையாளர்தான் பெரிய காரணம். நாற்பது, ஐம்பது லட்சம் கொடுத்துப் புதுக் கார் வாங்குகிறவர் வாரன்டி முடியும் தறுவாயில் அதைக் கைமாற்றிவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடுவார். அவரைப் போன்ற இன்னொருவர் பழைய காரைத் தேடமாட்டார். தேடுகிறவரிடம் அவ்வளவு பணம் இருக்காது. எனவே விலை சரிகிறது. இன்சூரன்ஸ் கணக்குப்படியே நான்கு வயதைத் தாண்டிய எந்தக் காரும் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. சந்தையில் சொகுசு கார்கள் அதைவிட வேகமாக இறங்கும். பத்து வயதான பி.எம்.டபிள்யூ., ஆடி, பென்ஸ் மூன்றும் ஒரு புதிய சின்னக் காரின் விலைக்கு வந்து நிற்பது இப்படித்தான்.

இறங்குவது காரின் விலை மட்டுமே. ஹெட்லைட், சென்சார், ஷாக் அப்சார்பர் எதன் விலையும் கூடவே இறங்குவதில்லை. எட்டு லட்சத்துக்கு வாங்கிய பி.எம்.டபிள்யூ. 320டி, ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டரில் மறுபடியும் நாற்பது லட்ச ரூபாய்க் காராகிவிடும். ஆகவே கையிலிருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிட்டால் யானையைக் கட்டித் தீனிக்கு அலைந்த கதைதான். பத்து லட்சம் இருந்தால் ஏழு லட்சத்துக்குள் காரை முடித்து, மூன்றை முதல் வருடத்துக்கென்று ஒதுக்குவது நியாயமான கணக்கு. பாட்டரி, டயர், பிரேக், ஆயில், ரப்பர் புஷ் எல்லாம் பெரும்பாலும் அந்த வருடத்தில்தான் வரிசையாக வந்து நிற்கும். பி.எம்.டபிள்யூ.வில் பாட்டரியை மாற்றினால்கூட, புதிய பாட்டரி வந்திருக்கிறது என்று ஸ்கேனரை மாட்டிக் காருக்குச் சொல்லியாக வேண்டும். அதன் ரன்-ஃபிளாட் டயர் காற்றே இல்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் ஓடும். அந்த வசதிக்கான விலை டயர் மாற்றும் நாளில் தெரியும்.

தமிழ்நாட்டில் பழைய கார் விற்கும் கன்சல்டிங்காரர்கள் காட்டும் மலிவான சொகுசு கார்களில் 'டெல்லி வண்டி' என்பது தனி ரகம். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் தலைநகர் வட்டாரத்தில் பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்றது. உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை உறுதி செய்தது. பெட்ரோல் வண்டிக்கு வரம்பு 15 வயது. 2025-இல் பிடி ஓரளவு தளர்ந்தாலும், வயதேறிய டீசல் காரை வைத்திருப்பதில் அங்குள்ளவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது. அங்கே தள்ளிவிடப்பட்ட கார் தெற்கே வந்து விற்பனைக்கு நிற்கிறது.

விலையைக் கேட்டதும் மயங்குவதற்குமுன் வரியைக் கேட்க வேண்டும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவின்படி புதிய பதிவெண் வாங்க வேண்டும். அதற்கு முதலில் டெல்லி ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வேண்டும், படிவம் 28 என்பது இதுதான். இங்கே சாலை வரியும் மறுபடி கட்ட வேண்டும். வயது ஏற ஏற வரிச் சதவீதம் குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது கார் ஷோரூமிலிருந்து வந்த நாளின் விலையிலிருந்து. வாங்குகிறவர் கொடுத்த விலைக்கு அங்கே வேலையில்லை. டெல்லி வண்டியில் மிச்சம் பிடித்ததாக நினைத்த தொகையில் நல்ல பங்கு இந்த இடத்தில் போய்விடும். ஆர்.சி.யில் கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ம், உரிமை மாற்றத்துக்கு 29, 30 படிவங்களும் கைக்கு வந்தபிறகே முழுப் பணத்தையும் கொடுப்பது நல்லது. 'என்.ஓ.சி. வந்துக்கிட்டே இருக்கு' என்பது கன்சல்டிங் ஆபீஸ்களில் வருடம் முழுவதும் கேட்கும் வாசகம்.

காரைப் பார்க்கப் போவதற்கு உகந்த நேரம் விடிகாலை. விற்பவர் ஸ்டார்ட் செய்து வைப்பதற்குமுன் போய், பானெட்டின்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடலாம். 2007 முதல் வந்த பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் எஞ்சினுக்கு இந்தச் சோதனை மிக அவசியம். பெரும்பாலான எஞ்சின்களில் டைமிங் செயின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தேய்ந்தால், குளிர்ந்த எஞ்சின் பிடித்ததும் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் பின்னாலிருந்து வரும். மாற்ற எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும். அறுந்துவிட்டால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போகும். ஆடியின் 2008-ஐ ஒட்டி வந்த 1.8 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல் எஞ்சினின் நோய் வேறு: பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலைக் குடிக்கும். ஆயில் அளவு குறைந்திருக்கிறதா, புகைக்குழாய் முனையில் கருப்புப் பிசுக்கு இருக்கிறதா என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் கம்பெனியின் பேச்சை அப்படியே நம்பக் கூடாது. பி.எம்.டபிள்யூ.வில் வரும் இசட்.எஃப். எட்டு வேக ஆட்டோமேட்டிக்கின் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று கார் கம்பெனி சொன்னது. கியர்பாக்ஸைச் செய்த இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. முதல் ஓனரோடு முடிந்துவிடும் ஆயுளைத்தான் கார் கம்பெனி கணக்கில் எடுத்துக்கொண்டதோ என்னவோ. ஆயில் மாற்றிய பில் இருக்கும் காருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் இரவு முழுவதும் நின்ற இடத்தில் எப்படி நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மூலை மட்டும் சற்று அமுங்கியிருந்தால் அந்த மூலையில் உள்ள காற்று ரப்பர் பை கசிகிறது. கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடி அதுவும் எரிந்துபோகும். ஒரு பையின் செலவு இரண்டாகும். எல்லாவற்றிலும் மலிவாகக் கிடைக்கும் 2002–2006 பென்ஸ் இ-கிளாஸில் இன்னொரு விசேஷம் உண்டு. அதன் மின்-ஹைட்ராலிக் பிரேக் பம்ப், பிரேக் எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்று எண்ணிக்கொண்டே வரும்; குறித்த எண்ணிக்கை தாண்டினால் சிவப்பு விளக்கை எரியவிடும். 2004, 2005 ஆண்டுகளில் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்த பென்ஸ், 2006-இல் இ-கிளாஸிலிருந்து அந்த பிரேக்கையே எடுத்துவிட்டது. அந்தக் காரை விலை பேசுவதற்குமுன் பம்ப் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டும்.

சென்னைக் காருக்கு வெள்ளச் சோதனை தனி. 2015, 2023 டிசம்பர்களில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்களுக்குப் போயிருக்கின்றன. வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி மணந்தால் சந்தேகப்படலாம். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தால், வழக்கமாக வெளிவராத கடைசி ஒரு முழத்தில் சேற்றுக் கறையின் கோடு தெரியும்; அவ்வளவு தூரம் யாரும் கழுவுவதில்லை. சொகுசு காரில் கன்ட்ரோல் யூனிட்டுகளும் ஒயர் முடிச்சுகளும் கார்ப்பெட்டுக்கு அடியிலும் சீட்டுக்கு அடியிலும் இருப்பதால், ஒருமுறை நனைந்த கார் வருடக்கணக்கில் புதுப்புதுக் கோளாறு சொல்லும். மீட்டரைக் குறைத்திருந்தாலும் வேறு சில யூனிட்டுகளில் ஓடிய தூரம் பதிவாகியிருக்கும். வெளி மெக்கானிக் ஒருவரை ஸ்கேனருடன் அழைத்துப் போனால் இரண்டும் வெளிப்படும்.

ஸ்டார் சின்னம் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு டொயோட்டா கேம்ரி இருக்கிறது. பின்சீட்டில் காலை நீட்ட பென்ஸுக்குக் குறையாத இடம், வெளி மெக்கானிக்கிடமே கொடுத்துப் பார்க்கக்கூடிய எஞ்சின். கல்யாண மண்டப வாசலில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் குறை.

கார் கைக்கு வந்ததும் 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் பழைய உரிமையாளருக்கே சொந்தம் என்பதால், அவர் பெற்ற தள்ளுபடி புதியவருக்கு வராது. பிரீமியத்தின் வித்தியாசத்தை அப்போதே கட்ட வேண்டியிருக்கும்.