கட்டு மாற்றும் அறையில் கதறல் ஏன்?

சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்த ஏழைத் தொழிலாளி, புண்ணை விடக் கட்டு மாற்றும் நாளைக் கண்டே அதிகம் அஞ்சுகிறார். காய்ந்து ஒட்டிய காஜ் துணியை அப்படியே பிய்த்தெடுக்கும்போது புதிதாக வளர்ந்த சதையும் சேர்ந்து வருகிறது. அழுகிய சதையைக் கத்தியால் சுரண்டும்போது சொல்லவே வேண்டாம். வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்போர் இந்தக் கூச்சலைக் கேட்டபடி தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

“சர்க்கரைக்காரனுக்குக் காலில் உணர்ச்சி ஏது, வலி ஏது?” என்று சொல்வோர் உண்டு. இது அரை உண்மை. நரம்பு கெட்டுப் பலருக்கு உணர்ச்சி குறைகிறது. முள் குத்தியதும் தெரியாமல் புண் வருவது அதனால்தான். ஆனால் அதே கெட்ட நரம்பு, இரவெல்லாம் எரிச்சலையும் குத்தலையும் தருகிறது. ரத்தக் குழாய் அடைபட்ட காலிலோ வலி கடுமையாக இருக்கும். மரத்த காலில் திடீரென்று வலி எழுந்தால் அது சீழ் பிடித்ததற்கான அபாய அறிவிப்பாகவும் இருக்கலாம். டாக்டர் உடனே பார்க்க வேண்டும். ஆகவே வலி உண்டா இல்லையா என்பதை நோயாளியைக் கேட்டல்லவா தீர்மானிக்க வேண்டும்?

பரிகாரத்துக்கு விஞ்ஞான அதிசயம் எதுவும் தேவையில்லை. ஒட்டிய துணியைச் சலைன் விட்டு நன்றாக ஊறவைத்து எடுக்கலாம். ஒட்டாத பாராஃபின் காஜ் வைத்துக் கட்டலாம். அரை மணி, ஒரு மணி முன்னதாகப் பாரசிட்டமால் கொடுக்கலாம். சதையை அகற்றுமுன் லிக்னோகெயின் கொண்டு மரக்கச் செய்யலாம். மரக்கவைக்கும் களிம்பானால் பூசிவிட்டு அரை மணிக்குக் குறையாமல் காத்திருக்க வேண்டும். நோயாளி “நிறுத்துங்கள்” என்றால் கொஞ்சம் நிறுத்தலாம், அதற்குக் காசே வேண்டாம்! ஒன்று மட்டும் எச்சரிக்கிறோம்: கடையில் கேட்டு டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளை வாங்கி விழுங்காதீர்கள். சர்க்கரையால் ஏற்கெனவே பழுதுபட்ட சிறுநீரகத்தை அவை மேலும் கெடுக்கும்.

பின் ஏன் இது நடப்பதில்லை? நர்சைக் குறை சொல்வது சுலபம். நாம் அதை ஒப்புக்கொள்ள மாட்டோம். வெளியே கூட்டம் முண்டுகையில், ஒற்றை நர்சு எப்படி ஒவ்வொருவருக்கும் அரை மணி காத்திருப்பார்? ஆள் போடாமல், போட்டவர்களையும் ஒப்பந்தத்தில் வைத்து ஏய்க்கும் கொள்கையே குற்றவாளி.

இன்னொரு வேடிக்கை. காஜிப்பூரிலும் நீமச்சிலும் சர்க்காரே அபின் தொழிற்சாலை நடத்துகிறது. ஆனால் 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால், தாங்க முடியாத வலியில் துடித்தவர்களுக்கு மார்ஃபின் எட்டாக்கனியாயிற்று. 2014-ல் சட்டத்தைத் தளர்த்தினார்கள். சட்டம் தளர்ந்தால் போதுமா? எழுதிக் கொடுக்கப் பயிற்சி பெற்ற டாக்டரும், ஸ்டாக் உள்ள ஆஸ்பத்திரியும் வேண்டாமா?

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி என்கிறது. வலிக்குப் பயந்தவர் அடுத்த தடவை கட்டு மாற்ற வருவதில்லை. அன்றைய கூலியும் போகிறது அல்லவா? புண் எலும்பைத் தொட்ட பிறகு வருகிறார்; காலை எடுக்கிறார்கள்.

சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் கட்டு மாற்றும் அறை ஒவ்வொன்றிலும் லிக்னோகெயினும் ஒட்டாத காஜும் தட்டுப்பாடின்றி இருக்கவேண்டும். கூட்டத்துக்கேற்ற நிரந்தர நர்சுகளை நியமிக்கவேண்டும். அடுத்த பட்ஜெட்டில் இதற்குப் பணம் ஒதுக்கப்படுகிறதா என்று பார்ப்போம்.