ஆர்டர் வந்தால் அது சத்தியமா?

திருப்பூர் சபைகள் பலவற்றில் ஞாயிறு ஆராதனைக்கு நடுவே சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. விசுவாசி ஒருவர் எழுந்து மைக்கை வாங்கிப் பேசுவார். முந்தைய சபையில் இருந்தவரை கடன், நஷ்டம், வீட்டில் நோய். இங்கே வந்த பிறகு, ஜாப் ஒர்க் எடுத்துக்கொண்டிருந்தவர் சொந்தமாக கம்பெனி போட்டுவிட்டார். நாலு ஓவர்லாக் மெஷின் இருபதாகிவிட்டது. கூட்டம் கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லும். அவருடைய நன்றியை நான் குறை சொல்லவில்லை. உழைத்து முன்னேறியவர் கடவுளுக்கு நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் அந்த நன்றியோடு ஒரு தீர்ப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறது: கர்த்தர் இந்தச் சபையில்தான் இருக்கிறார், பழைய சபை செத்த சபை, இந்த உபதேசமே சரியான உபதேசம். எந்தச் சபைக்குப் போவது என்று தடுமாறுகிறவர்கள் கையில் இன்று இந்த அளவுகோல்தான் இருக்கிறது. எங்கே ஆசீர்வாதம் கிடைக்கிறதோ அங்கேதான் சத்தியம் என்கிறார்கள். இது பொய். கிறிஸ்தவன் என்ற முறையிலேயே சொல்கிறேன், நம் விசுவாசத்தை உள்ளிருந்து அரிக்கிற பொய் இது.

தடுமாற்றம் என்னவோ நிஜமானது. திருநெல்வேலியிலிருந்தோ தேனியிலிருந்தோ பனியன் கம்பெனி வேலைக்கு வருகிற ஒருவருக்கு ஊரில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஊர்க் கோயில் எதுவோ அதுவே அவர் கோயில். இங்கே லைன் வீட்டில் குடியேறி, வாரம் முழுக்க ஒன்றரை ஷிப்ட் ஓடி, சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் இறங்கினால் சி.எஸ்.ஐ. இருக்கிறது, கத்தோலிக்கக் கோயில் இருக்கிறது, ஏ.ஜி. இருக்கிறது, டி.பி.எம். இருக்கிறது, மாடியில் வாடகை ஹால் எடுத்து நடக்கிற சுயாதீன சபைகள் இருக்கின்றன. குழந்தைக்குத் தண்ணீர் தெளித்துக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது என்கிறார் ஒருவர். அந்நியபாஷை பேசாதவருக்கு அபிஷேகம் இல்லை என்கிறார் இன்னொருவர். எல்லாரும் ஒரே வேதத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். அந்த மனிதருக்கு உட்கார்ந்து ஒப்பிட்டுப் படிக்க நேரமும் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் கிடையாது. அப்போதுதான் இந்த ஆசீர்வாத அளவுகோல் அவர் கையில் திணிக்கப்படுகிறது. பார்த்த மாத்திரத்தில் புரிகிற அளவுகோல்.

அதைத் திருப்பூரிலேயே வைத்துச் சோதிப்போம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இந்த ஊரின் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதியை நிறைவேற்றாததே காரணம். எந்த முதலாளி எந்தச் சபை என்று நீதிமன்றம் விசாரிக்கவில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோதும் அப்படித்தான். பையர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தது நள்ளிரவு ஜெபம் நடத்துகிறவருக்கும் நடந்தது, திருப்பலிக்குப் போகிறவருக்கும் நடந்தது, பழனிக்கு மாலை போடுகிறவருக்கும் நடந்தது. இந்தத் தொழிலில் ஆர்டர் வருவதும் போவதும் நூல் விலை, டாலர் மதிப்பு, வங்கதேசத்தின் போட்டி, வெளிநாட்டுக் கடைகளின் இருப்பு என்று பலவற்றைப் பொறுத்தது. சபை மாறிய மாதமும் நூல் விலை இறங்கிய மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டால் சாட்சி பிறக்கிறது. மாறிய பிறகு நொடித்துப்போனவர்கள் மைக் முன்னால் வருவதில்லை. அவர்களிடம் தனியாக விசுவாசம் போதவில்லை, பரம்பரைச் சாபம் இருக்கிறது, தசமபாகத்தில் உண்மையாயில்லை என்று சொல்லி அனுப்புகிறார்கள். கடனோடு வந்தவர் கடனோடும் குற்ற உணர்வோடும் திரும்பிப் போகிறார். இந்தக் கொடுமையை நினைத்தால் எனக்கு மனம் கொதிக்கிறது.

இன்னொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். யாருடைய ஆசீர்வாதம்? நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலமும் கிணறுகளும் உப்பேறிக் கெட்டன. பட்டறைகளை மூடவைத்த அந்த வழக்கைப் போட்டவர்கள் நொய்யல் கரையோர விவசாயிகள். சாயப்பட்டறை லாபத்தைச் சாட்சியாகச் சொல்லி மேடையில் நன்றி செலுத்தியபோது, கீழே காடு கெட்டுப்போன விவசாயியின் நஷ்டத்தை யார் கணக்கில் எழுதினார்கள்? லாபத்தைப் பார்த்து தேவனுடைய சித்தத்தைப் படிக்கிறவர்கள் அந்த லாபம் எங்கிருந்து வந்தது என்றும் படிக்க வேண்டாமா?

தொழிலாளிக்குக் கிடைத்த நன்மைகளையும் இப்படிப் பார்க்கலாம். 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பட்டினி கிடந்து போராடிய அந்தத் தலைமுறையில் எல்லா மதத்தாரும் இருந்தார்கள். அவர்கள் போட்ட அடித்தளத்தில்தான் இன்று ஒப்பந்தம் பேசிச் சம்பளம் உயர்கிறது. சம்பளம் உயர்ந்ததற்குத் தீர்க்கதரிசன ஜெபமே காரணம் என்று சொல்வது அந்த மனிதர்களுக்குச் செய்கிற துரோகம்.

நம் முன்னோர்களின் கதையை எடுத்துக்கொண்டால் இந்த அளவுகோல் அடியோடு முறிந்துபோகிறது. திருப்பூரில் வேலை செய்கிற தென்மாவட்டக் கிறிஸ்தவர்கள் பலருக்கு முதலூர் தெரிந்த பெயர். 1799இல் டேவிட் சுந்தரானந்தம் காலத்தில் உண்டான ஊர் அது. கிறிஸ்தவர்களானதால் துன்புறுத்தப்பட்டு, சொந்த ஊரில் இருக்க முடியாமல் வந்தவர்கள் ஒதுங்க இடம் வேண்டும் என்று வாங்கிய நிலம். விசுவாசம் அவர்களுக்குக் கொடுத்தது நஷ்டம்தான். ஆசீர்வாதக் கணக்குப்படி அவர்கள் தவறான உபதேசத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஆகிவிடுவார்கள். 2008இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களின் வீடுகளைக் கொளுத்தியவர்களும் கத்தோலிக்கர், பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று பிரித்துப் பார்க்கவில்லை. காட்டுக்குள் ஓடிய அந்தக் குடும்பங்களில் எந்தச் சபையார் மேல் தேவன் பிரியமாயிருந்தார் என்று சொல்வீர்கள்?

வேதம் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. யோபுவின் நண்பர்கள் பேசியது முழுக்க இந்த உபதேசம்தான்: நீ நஷ்டப்பட்டாய், ஆகவே நீ தவறியிருக்கிறாய். கடைசியில் தேவன் கடிந்துகொண்டது யோபுவின் நண்பர்களைத்தான். சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்ட இயேசு, 'இல்லை' என்று தாமே பதிலும் சொன்னார். தலைசாய்க்க இடமில்லாமல் திரிந்து சிலுவையில் செத்த ஒருவரைக் கர்த்தர் என்று அழைத்துக்கொண்டு, செழிப்பைச் சத்தியத்தின் அடையாளம் என்று எப்படி நாம் சொல்லத் துணிகிறோம்?

பெந்தெகொஸ்தே சபைகள் மேல் பழி போட இதை எழுதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். தமிழ் பெந்தெகொஸ்தேயின் தொடக்கம் துறவு. 1924இல் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன்தான் இன்றைய டி.பி.எம். அதன் ஊழியர்கள் திருமணம் செய்வதில்லை, சொத்து வைத்துக்கொள்வதில்லை, விசுவாச வீட்டில் பொதுவாக வாழ்கிறார்கள். பெந்தெகொஸ்தே விசுவாசிகள் என்றாலே காதிலும் கழுத்திலும் நகையைக் கழற்றியவர்கள் என்றுதான் ஊர் அறியும். அவர்களுடைய உபதேசம் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அதை ஏற்றவர்கள் எதையோ விட்டுக்கொடுத்து ஏற்றார்கள். அட்வென்டிஸ்டுகளைப் பாருங்கள். ஓய்வுநாள் சனிக்கிழமைதான் என்று நம்புகிற டைலர் ஒருவர், திருப்பூரில் சம்பள நாளான சனிக்கிழமை வேலைக்குப் போக மாட்டார். ஒரு நாள் கூலி போகும், சூப்பர்வைசரின் ஏச்சும் கிடைக்கும். படித்து, யோசித்து, அதற்கான விலையைக் கொடுக்கிற மனிதரோடு நான் மரியாதையாக வாதாடுவேன். முழுக்கு ஞானஸ்நானமா தெளிப்பா, திருவிருந்தில் கிறிஸ்து எப்படி இருக்கிறார், ஆயர் பட்டம் பெண்களுக்கு உண்டா என்பவையெல்லாம் பெரிய கேள்விகள். தலைமுறை தலைமுறையாக நல்லவர்கள் அவற்றில் இரு பக்கமும் நின்றிருக்கிறார்கள். ஆசீர்வாத உபதேசம் வந்ததும் இந்தக் கேள்விகளைக் கேட்கவே ஆள் இல்லாமல் போய்விட்டது.

அதேபோல, பிறந்த சபையிலேயே செத்துப்போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. நம்மில் பலருடைய சபை, எந்த மிஷன் எந்த மாவட்டத்தில் வேலை செய்தது என்பதால் அமைந்தது. கோயம்புத்தூர்ப் பகுதியில் லண்டன் மிஷன், மதுரையில் அமெரிக்கன் மிஷன், திருநெல்வேலியில் எஸ்.பி.ஜி.யும் சி.எம்.எஸ்.ஸும். தாத்தா பக்கத்து மாவட்டத்தில் பிறந்திருந்தால் வேறு சபைக்காரர் ஆகியிருப்பார். இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா முக்கியமானவர். சபைகளின் ஒற்றுமை பற்றிப் பேச 1919 மே மாதம் அவரோடு சேர்த்துத் தரங்கம்பாடியில் கூடிய 33 பேரில் இருவர் தவிர மற்றவர்கள் இந்தியர்கள். இந்தப் பிரிவினைகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து தங்கள் மேல் சுமத்தப்பட்டவை என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள். அதன் பலனாக 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் சபைகளும், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆயின. அதைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை, 1945இலேயே இறந்துவிட்டார். 1995இல் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் வெளிவந்தது. சேர்வதற்காக உழைத்தவர்களின் வாரிசுகள் நாம். அடுத்த தெருச் சபையைச் செத்த சபை என்று ஏசுகிறோம்.

பழைய சபைகளும் தங்கள் பங்குக்குப் பதில் சொல்ல வேண்டும். சந்தா பாக்கி என்றால் கல்யாண ஓலை வாசிக்கத் தயங்குகிற சபை, லைன் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிற தொழிலாளியைத் தேடிப் போயிருக்கிறதா? பல நேரம் அங்கே கஞ்சியோடு போனவர் மாடி ஹால் பாஸ்டரின் மனைவிதான். அந்த அன்பில் கிறிஸ்து இருந்தார், அதை மறுக்க மாட்டேன். சாதியையும் சொல்லாமல் விட முடியாது. விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி 2008இல் மூண்ட கலவரம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்களைக் கொண்டுபோயிற்று. சாதி பார்த்துச் சவம் தூக்குகிற சபையை விட்டு ஒருவர் வெளியேறினால் அவர் சரியானதைத்தான் செய்கிறார்.

ஆகவே ஊருக்குப் புதிதாக வந்திருக்கிற சகோதரனே, சகோதரியே, சபையைத் தேடுங்கள், தாராளமாகத் தேடுங்கள். உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டுத் தேடாதீர்கள். அந்தச் சபையில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிறார்களா, பயமுறுத்துகிறார்களா என்று பாருங்கள். காணிக்கைக் கணக்கை எல்லார் முன்னும் வாசிக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனி முதலாளி வந்தால் முன் நாற்காலியும் ஹெல்ப்பர் வந்தால் செருப்பு விடுகிற இடமும் என்று இருக்கிறதா என்று கவனியுங்கள். யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கண்டித்தது இதைத்தான். அதே நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் முதல் ஆறு வசனங்கள் இருக்கின்றன. வேலையாட்களின் கூலியைப் பிடித்து வைத்த பணக்காரர்களைப் பற்றியவை. திருப்பூரில் பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாதவர்களுக்கும், மூன்று வருடம் முடிந்தால் மொத்தப் பணம் என்று சொல்லி சுமங்கலித் திட்டத்தில் மில் ஹாஸ்டலில் பெண் பிள்ளைகளை அடைத்து வைத்து வேலை வாங்கியவர்களுக்கும் நேராகச் சொன்ன வார்த்தைகள் போல இருக்கும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் உங்கள் போதகரிடம் போய், அந்த ஆறு வசனங்களை வைத்து ஒரு செய்தி கொடுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். முதலாளிகள் முன் வரிசையில் இருக்கும்போது அவர் அதைப் பேசினால் அந்தச் சபையிலேயே இருங்கள், அதன் பெயர்ப் பலகையில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. பேச மறுத்தால் உங்கள் சனிக்கிழமைச் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட அங்கே போட வேண்டாம்.