பெரிய கணக்கும் பிள்ளையின் கணக்கும்



கடந்த பள்ளி விடுமுறையில் பிரிக்பீல்ட்சில் என் பழைய மாணவன் ஒருவனின் தாயாரைச் சந்தித்தேன். கிள்ளானில் வசிப்பவர். மகனுக்கு அகவை 19. எஸ்.பி.எம். முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தவன், நண்பன் ஒருவன் 300 வெள்ளி தருவதாகச் சொன்னதும் தன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்துவிட்டானாம். யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் அந்தக் கணக்கில் வந்து, அன்றே வெளியேறியும் விட்டது. இப்போது குடும்பமே நீதிமன்றத்துக்கு அலைகிறது.

அந்தத் தாயார் என்னிடம் கேட்டார்: "கோடிக்கணக்கில் போனபோது எந்த வங்கியும் தடுக்கவில்லை. முந்நூறு வெள்ளிக்கு என் பிள்ளையைப் பிடிக்கிறார்களே ஐயா, இது என்ன நியாயம்?"

அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதியில் பேராபத்து இருக்கிறது. இரண்டையும் பேசாமல் விடுவது நம்மைப் போன்றோருக்கு அழகன்று.

முதலில் உண்மையைப் பார்ப்போம். இந்நாட்டில் சட்டத்திற்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. பணச்சலவைத் தடுப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டு, 2002 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று வங்கி அறிந்திருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் பேங்க் நெகாராவுக்கு அறிவிக்க வேண்டும். நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திற்குத் திரட்டிய நன்கொடையைக் கட்டப் போனபோது, முகப்பில் இருந்த பெண் ஆயிரம் கேள்வி கேட்டார். நான் சினம் கொள்ளவில்லை. அது அவருடைய கடமை.

ஆனால், 2013 மார்ச்சில் என்ன நடந்தது? கோலாலம்பூர், ராஜா சூலான் சாலையில் உள்ள ஆம்பேங்க் கிளையில் அன்றைய பிரதமர் நஜிப் துன் ராசாக் வைத்திருந்த கணக்கிற்கு, சிங்கப்பூரின் ஃபால்கன் வங்கியிலிருந்து 68 கோடியே 10 இலட்சம் அமெரிக்க டாலர் வந்து சேர்ந்தது. சில நாள்களுக்குள்! அந்தக் கணக்கின் தலைப்பில் அவர் பெயர்கூட இல்லை. வங்கிப் பிரிவின் பெயரும் இரண்டு எழுத்துகளுமே இருந்தன. நம்மிடம் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் வங்கித் துறை, அங்கே எழுத்துகளுக்குப் பின்னால் ஒளிய இடம் கொடுத்தது.

பின்னர் என்ன ஆனது? 2015 நவம்பரில் ஆம்பேங்கிற்கு 5 கோடியே 37 இலட்சம் வெள்ளி அபராதம். எந்தத் தவற்றுக்கு என்பது மக்களுக்கு விளக்கப்படவில்லை. ஒன்எம்டிபி விவகாரத்தில் பேங்க் நெகாரா வழக்குத் தொடுக்கப் பரிந்துரைத்தது. அன்றைய சட்டத்துறைத் தலைவர் குற்றமில்லை என்று கோப்பை மூடினார். சிங்கப்பூரோ 2016இல் பி.எஸ்.ஐ., ஃபால்கன் ஆகிய இரு வங்கிகளின் உரிமத்தையே பறித்தது. இங்கே 2021 பிப்ரவரியில் ஆம்பேங்க் 283 கோடி வெள்ளி கொடுக்க ஒப்புக்கொண்டு, அரசுடன் உடன்பாடு கண்டது. ஒரு வங்கிக்கும் பூட்டு விழவில்லை. அந்தத் தாயின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை!

இனி மறுபாதி. "பெரியவர்களே செய்தார்கள், நாம் செய்தால் என்ன?" என்று நம் வீடுகளில் பேசுகிறோமே, அதைத்தான் ஆபத்து என்கிறேன். நஜிப் தப்பிவிட்டாரா? எஸ்.ஆர்.சி. வழக்கில் 4 கோடியே 20 இலட்சம் வெள்ளி தொடர்பாக 2020 சூலை 28இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. அவற்றுள் மூன்று பணச்சலவைக் குற்றச்சாட்டுகள். 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2024இல் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பாதியாகக் குறைக்கப்பட்டது என்பதும் உண்மையே. ஆனால் நாட்டின் பிரதமராக இருந்தவரைக் கூண்டில் ஏற்றியதில் வங்கி ஆவணங்களுக்கும் பங்குண்டு. வங்கிக் கணக்கு எதையும் மறப்பதில்லை. பிரதமரையே மறக்காத கணக்கு, கிள்ளான் பையனை மறக்குமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பையனின் கணக்கில் ஓடிய பணம் யாருடையது? தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற ஒரு முதியவரின் ஊழியர் சேமநிதியாக இருக்கலாம். நம்மைப் போன்ற ஓர் ஆசிரியரின் சேமிப்பாகவும் இருக்கலாம். மலாய் நாளேடுகள் இதை 'அக்காவுன் கெல்டாய்', அதாவது கழுதைக் கணக்கு என்கின்றன. சுமை ஏற்றியவன் ஒளிந்துகொள்வான். அடிபடுவது சுமந்த கழுதைதான். 2024இல் குற்றவியல் சட்டத்தில் இதற்கென்றே தனிப் பிரிவுகள் சேர்க்கப்பட்டுவிட்டன. பணச்சலவைச் சட்டம் பாய்ந்தால் 15 ஆண்டு வரை சிறை உண்டு. "எனக்குத் தெரியாது" என்ற சொல் இனி எளிதில் எடுபடாது.

ஆகவே, மேலிருப்போரிடம் நான் கேட்பவை மூன்று.

1. வங்கிக்கு அபராதம் விதித்தால், எந்தத் தவற்றுக்கு, எவர் பொறுப்பு என்பதை முழுமையாக வெளியிடுங்கள். காரணம் சொல்லாத தண்டனை யாருக்கும் பாடமாகாது.

2. சில நூறு வெள்ளி மட்டுமே புழங்கிய ஒரு மாணவனின் கணக்கில் திடீரெனப் பல்லாயிரம் வந்து அன்றே வெளியேறினால், அன்றே நிறுத்துங்கள். பணம் போனபின் பையனைத் தேடுவது மேற்பார்வை ஆகாது.

3. எச்சரிக்கை அறிவிப்புகளைத் தமிழிலும் தாருங்கள்.

நம்மிடம் கேட்பது ஒன்றே. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பேசுங்கள். வங்கி அட்டை என்பது கையெழுத்துக்குச் சமம். அண்ணன் கேட்டாலும் நண்பன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புலனத்தில் வரும் 'கணக்கு வாடகைக்கு' என்ற செய்தி வேலைவாய்ப்பு அன்று. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள்.

ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் அவனுக்குக் கூட்டல் கழித்தல் கற்பித்தோம். யாருடைய பணத்தைக் கூட்டுகிறோம் என்று கேட்கக் கற்பித்தோமா? அந்தத் தாயின் முன்னால் என்னால் தலைநிமிர்ந்து நிற்க முடியவில்லை.

சிந்திப்போம்! நம் பிள்ளைகளைக் காப்போம்!