அழுத பிள்ளைக்கு மட்டும்தான் பாலா?

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். கட்டுப்பாட்டுப் பொறியியல் இதையே ‘நிகழ்வுவழிக் கட்டுப்பாடு’ என்று அழைக்கிறது.

ஆய்வுக்கூடத்து நீர்த்தொட்டியை எடுத்துக்கொள்வோம். அடித்துளை வழியே வெளியேறும் நீரின் வேகம் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மட்டம் நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்குதான் ஆகும். ஆகவே இது நேரிலா அமைப்பு. மட்டத்தை அளக்கும் உணரி மின்கலத்தில் இயங்கி, கம்பியில்லாமல் செய்தி அனுப்புகிறது. ஓயாமல் அனுப்பினால் மின்கலம் தீரும், அலைவரிசையிலும் நெரிசல். எனவே, மட்டம் குறித்த அளவுக்கு மேல் மாறினால் மட்டும் பேசு என்கிறோம். சுவீடனின் ஆஸ்ட்ரோம், பெர்ன்ஹார்ட்சன் இருவரும் 1999இல் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டினர். இரைச்சலால் அலையும் ஓர் எளிய தொகையீட்டு அமைப்பில், சராசரியாக அதே எண்ணிக்கைச் செய்திகளைக் கொண்டே சிதறலை மூன்றில் ஒரு பங்காக்கலாம். இதுவரை எனக்கு மறுப்பில்லை.

அடுத்த படியில்தான் சிக்கல். தொட்டியின் சமன்பாட்டை எழுதாமல், வரும் தரவைக் கொண்டே கட்டுப்படுத்தி கற்றுக்கொள்ளட்டும் என்கிறோம். கற்பதற்குத் தரவு வேண்டும். அதுவும் ஏற்ற இறக்கமுள்ள தரவு. நாமோ உணரியின் வாயைக் கட்டிவிட்டோம்! ஆஸ்திரேலிய அறிஞர் பிரையன் ஆண்டர்சன் 1985இலேயே இத்தகைய ஆபத்தை விளக்கியிருக்கிறார். அமைப்பு நெடுநேரம் அமைதியாக இருந்தால் தகவமைக் கட்டுப்படுத்தியின் மதிப்பீடுகள் மெல்ல விலகிப் போகும். திடீரென அலைவு வெடிக்கும். அந்த அலைவே புதிய தரவாகி மீண்டும் அடங்கும். செய்திகளையும் குறைத்தால் அந்த ஆபத்து கூடும் என்பதே என் எண்ணம். தவிர, பேசாத உணரி நலமா, செத்துவிட்டதா? தூங்கும் பிள்ளையும் அழுவதில்லை, மயங்கிய பிள்ளையும் அழுவதில்லை.

பொறியியல் பயிலும் நண்பர்களே, இறுதியாண்டுத் திட்ட அறிக்கையில் ‘இத்தனை விழுக்காடு செய்தி மிச்சம்’ என்று எழுதுமுன், மிக நீண்ட மௌனம் எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்குள் மதிப்பீடுகள் எவ்வளவு விலகின என்பதையும் வரைந்து காட்டுங்கள். இடையிடையே ‘உயிரோடு இருக்கிறேன்’ என்னும் ஒரு செய்தி, வால்வில் ஒரு சிறு அசைவு — இரண்டும் கட்டாயம் வேண்டும். அவற்றுக்குச் செலவாகும் செய்திகளை மிச்சக் கணக்கிலிருந்து நேர்மையாகக் கழித்துவிடுங்கள்.