வன்னியின் மரபுரிமைச் சேகரிப்புகளும் அனர்த்த ஆயத்தமும்: நிலைப்பாட்டு அறிக்கை

வன்னிப் பெருநிலப்பரப்பிலுள்ள ஓலைச்சுவடிகள், காணி உறுதிகள், கோயிற் கணக்கேடுகள், பாடசாலைப் பதிவேடுகள், குடும்ப ஒளிப்படங்கள் ஆகியவற்றின் பாதுகாப்பு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் வழி அமைந்த மாவட்டத் திட்டங்களில் இடம்பெற வேண்டும் என்பதும், அதற்கான முதற் செலவு கருவிகளுக்கு முன்பாகப் பட்டியலுக்கே செல்ல வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடாகும்.

வவுனியாவில் தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்று இருப்பினும், இப்பிரதேசத்தின் மரபுரிமையிற் பெரும்பகுதி கோயில் அறைகளிலும் வாசிகசாலை அலுமாரிகளிலும் வீட்டுப் பெட்டகங்களிலுமே தங்கியுள்ளது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியையும் முல்லைத்தீவையும் மூழ்கடித்த வெள்ளத்தைப் போன்ற அனர்த்தத்தில் பொருள் நனைந்தாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். 2009இல் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளிலோ ஆட்கள் போக, பொருள் பின்தங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவுக் கரையைத் தாக்கிய கடற்கோள் ஆட்களையும் பொருளையும் ஒருங்கே கொண்டுசென்றது. இம்மூன்று நிலைகளிலும் பயன்படக்கூடியது மீட்பு முன்னுரிமைப் பட்டியல் ஒன்றே. எந்தப் பொருள் எந்த அலுமாரியில் உள்ளது, திறப்பு யாரிடம் உள்ளது, எதனை முதலில் வெளியேற்றுவது என்பவற்றைக் கூறும் அந்த ஓரிரு பக்கத் தாளின் பிரதி மாவட்டத்துக்கு வெளியேயும் இருத்தல் வேண்டும்.

முன்னுரிமை என்பது பழைமையின் வரிசையன்று. ஏட்டின் எழுத்து எழுத்தாணியாற் கீறப்பட்டதாதலால், மேலே பூசிய கரி கழுவுண்டு போனாலும் கீறல் எஞ்சும், கரியை மீளப் பூசி வாசிக்கலாம். நீரிற் கரையும் மையால் எழுதிய பதிவேடோ ஒருமுறை நனைந்தாலே வெறுந்தாளாகிவிடக்கூடும். ஆகவே பல வேளைகளில் நூறாண்டு ஏட்டுக்கு முன்னர் ஐம்பதாண்டுப் பதிவேட்டைத் தூக்க நேரும். ஈர ஏட்டை நெல்லைப்போல முற்றத்து வெயிலிற் பரப்பும் வழக்கமும் கைவிடப்பட வேண்டும். கடும் வெயில் ஏட்டைச் சுருட்டி வெடிக்கச் செய்யுமாதலால் அது நிழலில், காற்றோட்டத்தில் உலர வேண்டும்.

நனைந்த தாளில் ஏறத்தாழ 48 மணித்தியாலத்துள் பூஞ்சணம் பற்றத் தொடங்குமென்பதால், அதற்குள் உலர்த்த முடியாத தொகுதியை உறையவைத்துக் காலம் வாங்குவது உலகறிந்த முறையாகும். மீன்பிடித் தொழிலுக்கான உறைநிலைக் குளிரறைகள் உள்ள கரையோரங்களில், அவற்றை அவசர காலத்தில் பயன்படுத்துவதற்கான எழுத்துமூல உடன்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும் என இவ்வமைப்பு கோருகிறது. பொலித்தீன் உறையிட்ட பதிவேட்டுக்கு மீன்வாடை பெருந்தீங்கன்று.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதிருந்தவை திரும்பவேயில்லை. 2005 முதல் எண்ணிம நூலகமாக இயங்கும் நூலகம் நிறுவனம் போன்றவற்றின் துணையோடு பிரதியெடுப்பதை இவ்வமைப்பு ஆதரிக்கிறது. பாதுகாப்பைக் காரணங்காட்டி மூலப்பிரதிகளை உரியோரிடமிருந்து வேறு நகரங்களுக்குக் கொண்டுசெல்வதை ஏற்கவில்லை. முன்னுரிமைப் பட்டியல் ஆண்டுதோறும் மாரி தொடங்குமுன், செப்டெம்பர் மாதத்துள், புதுப்பிக்கப்பட்டுப் பிரதேச செயலகத்திடம் கையளிக்கப்பட வேண்டும்.