எருவா, உரமா?

“சாணமே போதும், மூட்டை உரம் நஞ்சு” என்கிறார் ஒருவர். “மூட்டையை அவிழ்த்துக் கொட்டு, சாணம் எதற்கு?” என்கிறார் இன்னொருவர். நாம் கேட்கிறோம், தென்னையைக் கேட்டீர்களா?

ஐந்தாண்டான நெட்டைத் தென்னைக்கு ஆண்டுக்குத் தொழு எரு 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ என்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். இரண்டையும்தான் சொல்கிறது! காய்க்குக் காய் சாம்பல் சத்தைக் கேட்கும் மரம் அது. அந்த 50 கிலோ எருவில் அச்சத்து ஏறத்தாழ கால் கிலோ. 2 கிலோ பொட்டாஷிலோ 1.2 கிலோ. சரி, மூட்டை மட்டும் போதுமா? பட்டுக்கோட்டைப் பக்கத்து மணற்பாங்கில் எரு இல்லாவிட்டால் மழையோடு உரம் போகும். உரத்தோடு உழவன் காசும் போகும்.

2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டது, நவம்பரில் விலக்கிக்கொண்டது. இடையில் வாடியது யார்? ஆணையிட்ட அமைச்சரா?

பத்து மரத்தை நம்பி வாழும் நம் தோழனுக்கு எருவும் கடன், உரமும் கடன். ஜூன்–ஜூலை, டிசம்பர்–ஜனவரி என உரமிட இரு தவணை. அதற்கு முன்பே கூட்டுறவுச் சங்கத்தில் பொட்டாஷ் இருக்கட்டும். மழை ஓய்ந்தபின் வரும் மூட்டையை எவர் தலையில் கொட்டுவது?