ஆட்டுப்பட்டி கேமராவும் ஆன்லைன் வகுப்பும்... ரவுட்டரின் சாஃப்ட்வேரை மாற்றலாமா?

''மானாவாரியில் இரண்டு ஏக்கர் நிலமும், முப்பது வெள்ளாடுகளும் வைத்திருக்கிறோம். போன வருடம் இரண்டு ஆடுகள் திருட்டுப் போனதால், பட்டியில் இரண்டு வைஃபை கேமராக்களைப் பொருத்தினோம். உள்ளூர் கேபிள்காரர் டவர் மூலம் கொடுக்கும் இன்டர்நெட்தான் எங்களுக்கு. வேகச் சோதனையில் பதிவிறக்கம் 10, பதிவேற்றம் 2 என்று காட்டுகிறது. மாலையில் மகள் போட்டித் தேர்வுக்கான ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால், ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வருகிறது. கேமராவை அணைத்தால் வகுப்பு சரியாகிவிடுகிறது. ஆனால், வீட்டுக்காரர் அணைக்க விடுவதில்லை. 'ரவுட்டரில் வேற சாஃப்ட்வேர் போட்டா சரியாயிடும் அத்தை' என்கிறான் என் அண்ணன் மகன். 'ஓடுற பொருளைக் கெடுத்துடாதீங்க' என்கிறார் வீட்டுக்காரர். யார் சொல்வது சரி?''

- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அம்மா. முதலில் கோளாறு எங்கே என்று பார்ப்போம்.

உங்களுக்குப் பதிவேற்றம் 2 எம்.பி.பி.எஸ்.தான். இரண்டு கேமராக்களும் இரவு பகலாக வீடியோவை வெளியே அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த இரண்டும் அதற்கே போய்விடும். வகுப்பு உள்ளே வருகிற விஷயம்தானே என்று தோன்றும். ஆனால், மகளின் போனிலிருந்து 'வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு' என்று சின்னச் சின்னத் தகவல்கள் வெளியே போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவை கேமரா வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் நிற்கும்போது, நடுவில் மாட்டிக்கொண்ட மொபெட்டின் நிலைமைதான்.

காசில்லாத வைத்தியத்தை முதலில் செய்து பாருங்கள். கேமராவின் செயலியில் வீடியோ தரத்தை ஒரு படி குறையுங்கள். ஆடு எது, ஆள் எது என்று தெரிந்தால் போதும். அடுத்து, 'அசைவு இருந்தால் மட்டும் அனுப்பு' என்று வையுங்கள். முழுப் பதிவும் கேமராவில் உள்ள மெமரி கார்டில் இருக்கட்டும். கார்டு மட்டும் போதாதா என்று கேட்காதீர்கள். திருடன் கேமராவையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போனால் என்ன செய்வீர்கள்? பல வீடுகளில் பிரச்னை இதோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால், மருமகன் சொல்லும் வழிக்குப் போகலாம்.

அவர் சொல்வது அநேகமாக ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யைத்தான். ரவுட்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் கம்பெனி ஏற்றிக் கொடுத்த சாஃப்ட்வேரை ஃபர்ம்வேர் என்பார்கள். அதை எடுத்துவிட்டு, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும், திருத்தவும் அனுமதியுள்ள ஃபர்ம்வேரைப் போடுவதுதான் இந்த வேலை. இது பிறந்த கதை, விதை சேமிப்பவர்களுக்குப் பிடிக்கும். 2002 இறுதியில் அமெரிக்காவில் 'லிங்க்சிஸ் டபிள்யூ.ஆர்.டி.54ஜி' என்ற ரவுட்டர் விற்பனைக்கு வந்தது. அதற்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை வைத்துப் பொருள் விற்றால், அதன் மூல நிரலைக் கேட்பவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிமத்தில் உள்ள நிபந்தனை. விடாமல் கேட்டதால், 2003-ல் கம்பெனி நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் கிளம்பியதுதான் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. பெயரிலேயே அந்த ரவுட்டரின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

விலை குறைந்த ரவுட்டர்களுக்குச் சில வருடங்களில் கம்பெனி பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிடும். இதில் அது தொடர்ந்து வரும். கேமரா வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். 2016-ல் 'மிராய்' என்ற கெடுநிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து, பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கியது. ஃபர்ம்வேரை மாற்றுகிறீர்களோ இல்லையோ, கேமராவின் பாஸ்வேர்டை இன்றே மாற்றிவிடுங்கள்.

நீங்கள் ரவுட்டரின் பெயரை எழுதவில்லை. அதைக் கவிழ்த்து அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். மாடல் பெயருக்குப் பக்கத்தில் 'வெர்ஷன்' என்று ஓர் எண் இருக்கும். ஒரே பெயரில் கடையில் விற்றாலும், வெர்ஷன் மாறினால் உள்ளே சிப்பே வேறாக இருக்கும். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. இணையதளத்தில் உள்ள கருவிப் பட்டியலில் மாடல், வெர்ஷன் இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும். ஃப்ளாஷ் 16 எம்.பி., ரேம் 128 எம்.பி. இருந்தால் நிம்மதி. 4 எம்.பி. ஃப்ளாஷும் 32 எம்.பி. ரேமும் உள்ள பழைய பெட்டிகளில் முயற்சி செய்ய வேண்டாம். மீடியாடெக் சிப் உள்ளவை பெரும்பாலும் நன்றாக ஓடுகின்றன. பிராட்காம் வைஃபை சிப் என்றால் விட்டுவிடுங்கள். இன்டர்நெட் கொடுப்பவருக்குச் சொந்தமான பெட்டி என்றாலும் கை வைக்கக் கூடாது.

இதை அனுபவித்துச் சொல்கிறேன். என்னிடம் ஒரே பெயரில் இரண்டு ரவுட்டர்கள் இருந்தன. ஒன்றுக்கு இறக்கிய கோப்பை மற்றதில் போட்டேன். 'இது பொருந்தாது' என்று அது எச்சரித்தது. நான் 'கட்டாயமாக ஏற்று' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். ஒரே ஒரு விளக்கு எரிந்தபடி நின்றுவிட்டது. மூன்று நாள் போராடியும் எழுந்திருக்கவில்லை. இன்றும் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவது இதற்குத்தான். வாரன்டியும் பொதுவாகப் போய்விடும்.

துணிந்து செய்வதானால், மருமகனை ஞாயிற்றுக்கிழமை பகலில் வரச் சொல்லுங்கள். வகுப்புக்கு முந்தைய மாலையில் ஆரம்பிக்க வேண்டாம். கேபிள்காரர் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டை முதலில் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றியதும் அவை அழிந்துவிடும். கோப்பை முன்கூட்டியே லேப்டாப்பில் இறக்கி வையுங்கள், நடுவில் இன்டர்நெட் இருக்காது. கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து மாறும்போது, பொதுவாக 'ஃபேக்டரி' என்று பெயரில் வரும் கோப்பு வேண்டும். 'சிஸ்அப்கிரேடு' என்பது பின்னாளில் புதுப்பிப்பதற்கு. அந்த மாடலுக்கான பக்கத்தில் வேறு முறை சொல்லியிருந்தால், அதுவே சரி. லேப்டாப்பை ரவுட்டரோடு ஒயரில் இணைத்துத்தான் செய்ய வேண்டும். ஏற்றும் அந்தச் சில நிமிடங்களில் கரன்ட் போகக் கூடாது. இன்வெர்ட்டர் இல்லையென்றால், இருக்கும் வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

மாற்றியதும் வைஃபை வராது. பெட்டி செத்துவிட்டது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அதை அணைத்துவைத்துத்தான் கொடுக்கிறார்கள். ஒயரில் இருந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பக்கம் திறக்கும். பெயர் 'ரூட்', பாஸ்வேர்டு கிடையாது. முதல் வேலையாக ஒரு பாஸ்வேர்டு வையுங்கள். பிறகு, வைஃபையை இயக்கி நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள். 'வேறு நாட்டைப் போட்டால் சிக்னல் தூரம் போகும்' என்று யாராவது சொல்வார்கள். அது சட்டப்படி தவறு. பலனும் சொற்பம், ரவுட்டர் கத்தினால் மட்டும் போதுமா, பட்டியில் உள்ள கேமரா திருப்பிக் கத்துவது இங்கே கேட்க வேண்டாமா?

இப்போது மகளின் வகுப்புக்கு வருவோம். எஸ்.க்யூ.எம். என்ற ஒரு துணை நிரலைச் சேர்க்க வேண்டும். அதில் வரிசையை ஒழுங்குபடுத்தும் முறையாக 'கேக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிவிறக்கம் 8500, பதிவேற்றம் 1700 என்று கொடுங்கள். அதாவது, உங்களுக்குக் கிடைக்கும் வேகத்தில் 85 சதவிகிதம். இருப்பதைக் குறைக்கச் சொல்கிறேனே என்று நினைக்கலாம். முழுதாகத் திறந்துவிட்டால் வரிசை கேபிள்காரரின் கருவியில் போய்ச் சேரும். அங்கே நாம் எதுவும் செய்ய முடியாது. கொஞ்சம் குறைத்தால் வரிசை நம் வீட்டு ரவுட்டரில் நிற்கும். இங்கே மொபெட்டுகளை முன்னால் விடலாம். கேமரா வீடியோ கொஞ்சம் தாமதமாகப் போகும், வகுப்பு ஓடும். கேபிள்காரரின் வேகம் மாலையில் குறைகிறது என்றால், அந்த நேரத்தில் சோதித்து, வரும் எண்ணில் 85 சதவிகிதம் போடுங்கள்.

இதனால் வேகம் கூடாது, சிக்னல் தூரமும் கூடாது. பட்டி வரை வைஃபை எட்டவில்லையென்றால் அது வேறு வேலை. 100 மீட்டருக்குள் ஒயர் இழுப்பதுதான் சுலபம்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது. இருக்கும் ரவுட்டரைத் தொடாமல், பட்டியலில் சரிபார்த்து, பழைய ரவுட்டர் ஒன்றை வாங்கி அதில் மருமகனைப் பழகச் சொல்லுங்கள். சரியாக வந்தால் மாட்டிக்கொள்ளலாம். வராவிட்டால் பழைய ஒயரைத் திரும்பச் சொருகினால் அன்று மாலை வகுப்பு வழக்கம்போல நடக்கும், கேமராவும் ஓடும். வீட்டுக்காரர் இதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன்.